ஏரிக்கரைப் பல்கலைக் கழகமும் ஏரியின் நீரும்

மைசூர் நகரின் மேற்குப் பகுதியில் குக்கரஹள்ளி ஏரி என்னும் நீர்நிலை ஒன்று உளது. 1864-ஆம் ஆண்டில், மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், நகருக்கு வெளியேயிருந்த நிலங்களுக்குப் பாசனம் அளிக்கும் பொருட்டு இஃது அமைக்கப்பட்டது. நகர மக்களின் தண்ணீர்த் தேவைக்கும் ஒரு காலத்தில் இது பயன்பட்டது. ஏறத்தாழ 150 ஏக்கர் பரப்பும், மிக ஆழமான இடத்தில் சுமார் 5 மீட்டர் ஆழமும் உடைய இவ்வேரியை ஒட்டியே மைசூர்ப் பல்கலைக் கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகம் அமைந்திருக்கிறது. ஏரியின் பராமரிப்பும் பல்கலைக் கழகத்தின் பொறுப்பிலேயே உள்ளது. ஒரு பல்கலைக் கழகம் தன் வாயிற்படியிலேயே ஓர் ஏரியைப் பெற்றிருத்தல் அரிதான வாய்ப்பாகும். அவ்வாய்ப்பைக் கொண்டு அது செய்யத் தக்கது யாது என்னும் வினா மைசூருக்கு மட்டும் உரியதன்று; குளமோ, காடோ, வயலோ தம் எல்லைக்குள் கொண்ட எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் உரியதே.

இக்காலத்திற் பெரிதும் பேசப்படும் வளங்குன்றா வளர்ச்சி என்னும் சொற்றொடர், 1987-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் குழு ஒன்று வெளியிட்ட அறிக்கைக்குப் பின்னரே உலகெங்கும் பரவிற்று. வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் குறைக்காமல், இக்காலத்தார் தம் தேவைகளை நிறைவு செய்துகொள்ளுதல் என்பது அதன் பொருள். மூன்றாண்டுகள் கழித்து, 1990-இல், பிரான்சு நாட்டின் தல்வார் என்னும் ஊரில் பல நாட்டுப் பல்கலைக் கழகத் தலைவர்கள் கூடி ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டனர். கற்பித்தல், ஆராய்ச்சி, நிருவாகம் ஆகிய மூன்றிலும் சுற்றுச்சூழற் பொறுப்பைப் பல்கலைக் கழகங்கள் ஏற்க வேண்டும் என்பதே அதன் சாரம். பின்னர் நூற்றுக்கணக்கான நிலையங்கள் அதில் இணைந்தன. ஒப்பமிடுதல் எளிது. ஒப்பமிட்ட பின்னர் விடுதிச் சமையலறையின் கழிவுநீர் எங்கே போகிறது என்று சென்று பார்த்தவர் எத்தனை பேர் என்பதே கேட்கத் தக்கது.

மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 27-ஆம் நாள் நிறுவப்பட்டது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அரசராகவும், சர் மோ. விசுவேசுவரய்யா திவானாகவும் விளங்கிய காலம் அது. அணை, கால்வாய், தொழிற்சாலை ஆகியவற்றோடு சேர்த்தே பல்கலைக் கழகத்தையும் எண்ணியவர் விசுவேசுவரய்யா. நாட்டின் செல்வத்தைப் பெருக்கும் கருவிகளுள் ஒன்றாகவே அவர் கல்வியைக் கருதினார். ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த அறிவைக் கன்னடத்திற் பெயர்த்து, பொதுமக்கள் நடுவே சொற்பொழிவுகளாகவும் சிறு நூல்களாகவும் பரப்பும் முயற்சியும் இப்பல்கலைக் கழகத்தின் பழைய மரபுகளுள் ஒன்று. 1960-இல் முதுகலைப் படிப்புகளுக்கெனத் தனி வளாகம் தோன்றியபோது, அதற்கு மானசகங்கோத்ரி என்று பெயரிட்டவர் அக்காலத் துணைவேந்தரான கவிஞர் குவெம்பு. மனம் என்னும் கங்கையின் பிறப்பிடம் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். நீரின் பெயரைத் தாங்கிய வளாகம் நீரின் கரையிலேயே அமைந்தது பொருத்தமே. எழுத்தாளர் ஆர். கே. நாராயணனும் இவ்வேரிக்கரையில் தாம் கழித்த பொழுதுகளைத் தம் தன்வரலாற்றிற் குறித்திருக்கிறார். இன்றும் விடியற்காலையில் அங்கு உலவ வருவோர் பலர். கூழைக்கடா, சங்குவளை நாரை, நீர்க்காகம் முதலிய பறவைகளை அவர்கள் எளிதிற் காண்கின்றனர்.

ஆயினும் பறவைகள் இருப்பது கொண்டு நீர் நலமாயுள்ளது என்று முடிவு செய்தல் கூடாது. ஏரிக்கு மழைநீரைக் கொண்டு வந்த பழைய வரத்துக் கால்வாய், நகரம் விரிய விரியப் பல இடங்களில் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போயிற்று. மழைநீர் வரவு குறைந்தது. அதன் இடத்தில் படுவாரஹள்ளி முதலிய குடியிருப்புகளின் கழிவுநீர் வந்து சேர்ந்தது. நீரிற் பாசி பெருகியது. பல்கலைக் கழகமும் நகர மக்களும் முயன்று கழிவுநீரைத் தடுக்கவும் கரையைச் செப்பனிடவும் நடவடிக்கை எடுத்தனர் என்பதைப் பாராட்டுதல் வேண்டும். ஆனால் கழிவுநீர் மீண்டும் கசிகிறது என்னும் முறையீடுகள் அண்மை ஆண்டுகளிலும் ஓயவில்லை.

இந்த இடத்தில் ஏரியின் உடற்கூற்றைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். களப் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் தத்தம் ஊர்க் குளத்தைப் பார்க்கும்போது இது பயன்படும். பாசி வளர்வதற்கு வேண்டிய ஊட்டப் பொருள்களுள் நன்னீர் ஏரிகளில் பெரும்பாலும் தட்டுப்பாடாக இருப்பது பாஸ்பரஸ். கழிவுநீரிலும், சலவைத் தூளிலும், வயல் உரத்திலும் அது மிகுதியாக உண்டு. ஒரு கிராம் பாஸ்பரஸ் நீரிற் கலந்து முழுவதும் பயன்பட்டால் ஏறத்தாழ 100 கிராம் உலர்ந்த பாசி உண்டாகக் கூடும். எனவே சிறு சாக்கடை ஒன்று பெரிய ஏரியைக் கெடுத்தல் வியப்பன்று. பகலிற் பாசி பிராணவாயுவை வெளிவிடுகிறது; இரவில் அதுவே பிராணவாயுவை உட்கொள்கிறது. அது மடிந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் உட்கொள்கின்றன. 25 பாகை வெப்பத்தில், கடல் மட்டத்தில், ஒரு லிட்டர் தூய நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் அளந்தால் இதற்கு மேலும் காட்டும். அதே நீரை விடியுமுன் அளந்தால் 2 அல்லது 3 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கியிருக்கலாம். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து தவிப்பது அப்பொழுதுதான். அலுவலக நேரத்தில், காலை 11 மணிக்கு எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டு ஏரி நலமாயிருக்கிறது என்று எழுதும் அறிக்கைகளுக்குக் குறைவில்லை. நீரின் நோயை அறிய விரும்புவோர் விடியுமுன் எழுதல் வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. பல ஆண்டுகள் வந்து சேர்ந்த பாஸ்பரஸ் அடிச்சேற்றில் தங்குகிறது. அடியிற் பிராணவாயு அற்றுப் போகும் காலத்தில் அது சேற்றை விட்டு மீண்டும் நீரிற் கரைகிறது. ஆதலின் வெளியிலிருந்து வரும் சாக்கடையை முற்றும் அடைத்த பின்னரும் ஏரி தன் பழைய கடனைத் தானே வட்டியோடு செலுத்திக்கொண்டிருக்கும். ஓராண்டில் ஏரி தெளியவில்லை என்று கண்டு மனம் தளர்வோரும், ஒரு முறை தூர் வாரிவிட்டுப் பணி முடிந்தது என்று விழா எடுப்போரும் இந்த உண்மையை அறியாதவர்களே. பத்து, இருபது ஆண்டுகள் தொடர்ந்து அளந்தாலன்றி இதன் போக்கு விளங்காது. அமைச்சரவைகள் மாறும், ஆணையர்கள் மாற்றலாகிப் போவார்கள். இருபது ஆண்டு பொறுத்து அளக்கக் கூடிய நிலையம் பல்கலைக் கழகம் ஒன்றே.

மைசூரில் அளவீடு நடைபெறவில்லை என்று எவரும் கூற முடியாது. நகரத்து ஏரிகளின் நீர், பாசி, மீன், பறவை ஆகியவை பற்றிப் பல ஆய்வேடுகளும் கட்டுரைகளும் வந்துள்ளன. குறை வேறிடத்தில் உளது. மாணவர் ஒருவர் இரண்டாண்டு அளக்கிறார். பட்டம் பெற்றுச் செல்கிறார். அடுத்து வருபவர் வேறு இடத்தில், வேறு நேரத்தில், வேறு முறையில் அளக்கிறார். இரண்டையும் ஒப்பிட வழியில்லாமற் போகிறது. ஆய்வேடு நூலகத்தில் இருக்கிறது; வளாகத்தின் குழாய்களையும் வடிகால்களையும் பராமரிக்கும் பொறியாளர் அதனைப் பார்ப்பதில்லை; பார்க்க வேண்டும் என்னும் விதியும் இல்லை. வகுப்பறையிற் சுற்றுச்சூழற் கல்வி கற்பிக்கும் ஆசிரியரோ அச்சிட்ட பாடநூலை ஒப்புவிக்கிறார். கற்பித்தல் ஒரு கட்டடத்தில், ஆராய்ச்சி மற்றொரு கட்டடத்தில், பராமரிப்பு வேறொரு கட்டடத்தில் என மூன்றும் முகம் பாராமல் இயங்குகின்றன. இந்நிலை மைசூருக்கே உரியதன்று. நாட்டின் பெரும்பாலான பல்கலைக் கழகங்களின் நிலை இதுவே.

பாடத்திட்டத்தின் வரலாற்றையும் காண்க. சுற்றுச்சூழற் கல்வி எல்லா மாணவர்க்கும் கட்டாயமாதல் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் எம். சி. மேத்தா வழக்கில் ஆணையிட்டது. அவ்வாணை செயலுக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாயின. 2003-இல் நீதிமன்றம் மீண்டும் வற்புறுத்திய பின்னரே, பல்கலைக் கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடம் கல்லூரிகளில் முறையாக நடைபெறலாயிற்று. அப்பாடத்திற்கு 50 விரிவுரை நேரம். அதிற் களப் பணிக்கு ஒதுக்கப்பட்டது 5. பத்தில் ஒரு பங்கு. அந்த ஐந்து மணியும் பல கல்லூரிகளில் ஒரு நாள் உலாவாக முடிந்தது. சிலவற்றில் காகிதத்திலேயே முடிந்தது. 2023-இல் மானியக் குழு புதிய நெறிமுறைகளை வெளியிட்டுக் களப்பணிக்கும் உள்ளூர் நிகழ்ச்சிகளுக்கும் இடம் தந்துள்ளது. ஆயினும் ஏரிக்கரையிலேயே இருக்கும் வகுப்பு ஒன்றில், ஏரியைப் பற்றிய பாடத்தைப் படத்திற் காட்டிக் கற்பித்தலினும் நகைப்புக்குரியது வேறில்லை. ஐந்தை இருபதாக்கினாலும் தவறாகாது.

தொடர்ந்து அளத்தல் என்பது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்று சிலர் கருதலாம். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகம் இதற்கு விடையாக நிற்கிறது. அப்பல்கலைக் கழகம் மெண்டோட்டா என்னும் ஏரியின் கரையில் அமைந்தது. குளிர்காலத்தில் அவ்வேரி உறையும் நாளும் உருகும் நாளும் 1850-களிலிருந்தே குறிக்கப்பட்டு வருகின்றன. எட்வர்ட் பெர்ஜ் என்னும் பேராசிரியர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நீரின் சிற்றுயிர்களை ஆராயத் தொடங்கி, பின்னர் அப்பல்கலைக் கழகத்தின் தலைவராகவும் உயர்ந்தார். அவரும் சான்சி ஜூடேயும் சேர்ந்து அமெரிக்க ஏரி ஆராய்ச்சிக்கே அடிகோலினர். 1971-இல், மேற்பகுதி ஊர்களின் கழிவுநீர் அவ்வேரியிற் சேராமல் திருப்பி விடப்பட்டது. எனினும் பாசி ஒழியவில்லை. வயல்களிலிருந்து வழிந்து வரும் எருவும் உரமுமே எஞ்சிய காரணம் என்று காட்டியது நெடுங்கால அளவீடே. அளவீடு ஏரியைக் குணப்படுத்திவிடவில்லை என்பது உண்மை. ஆனால் அடுத்த செலவை எங்கே செய்தல் வேண்டும் என்பதை அது தெளிவாக்கிற்று. அரசாங்கப் பணம் செலவிடும் துறையினர்க்கு இதனினும் பெரிய உதவி வேண்டுமோ?

தமிழ்நாட்டிலும் பொறுப்புணர்ந்த வளாகங்களுக்குச் சான்று உண்டு. சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937-இல் நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக்குப் பெயர்ந்தபோது, அங்கு இருந்தது புதர்க்காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மரங்களை நட்டும், செடிகளைத் திரட்டிப் பதிவு செய்தும் அவ்வளாகத்தைப் பேணினார். அவருடைய பாடம் வேதியியல், தாவரவியல் அன்று. சுற்றுச்சூழல் என்பது ஒரு துறைக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் நலம். 1959-இல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் எழுந்த சென்னை இந்தியத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இன்றும் வெளிமான்கள் திரிகின்றன. விடுதிக் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு மறுபடியும் பயன்படுத்தப்படுகிறது.

இனி, மைசூரில் செய்யத் தக்கது யாது? பெருஞ் செலவுள்ள திட்டங்களை முதலில் நாட வேண்டியதில்லை. வெள்ளை, கறுப்பு என நான்கு கூறாக வண்ணம் தீட்டிய, 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தகடு ஒன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தால் நீரின் தெளிவு அளவாகக் கிடைத்துவிடும். இத்தாலிய அறிஞர் ஆஞ்செலோ செக்கி இம்முறையை முதன்முதற் கையாண்ட ஆண்டு 1865. குக்கரஹள்ளி ஏரி அமைந்ததற்கு அடுத்த ஆண்டு! அன்று தொட்டு யாரேனும் ஒருவர் வாரந்தோறும் அத்தகட்டை இங்கே இறக்கியிருந்தால், நகரம் ஏரிக்குச் செய்தது முழுவதும் இன்று ஒரே வரைபடத்தில் தெரியும். கரைந்த பிராணவாயுவை அளக்கும் வின்க்ளர் முறையும் 1888-ஆம் ஆண்டினது. பள்ளி ஆய்வுக் கூடத்திற் செய்யக் கூடியது. நிலையான சில இடங்களில், நிலையான நேரத்தில், ஒரே முறையில், ஆண்டுதோறும் வரும் மாணவர் அணிகள் இவற்றை அளந்து ஒரே பதிவேட்டில் எழுதுதல் வேண்டும். அப்பதிவேடு பல்கலைக் கழகத்தின் சொத்தாக இருத்தல் வேண்டும். ஆராய்ச்சியாளர் ஒருவரின் மேசை அறைக்குள் அது இருத்தலாகாது.

வளாகத்தின் கூரைகளும் கணக்கில் வருவன. மைசூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் விழுவது 80,000 லிட்டர். ஆவியாகவும் சிந்தியும் போனது நீங்கலாக 60,000 லிட்டரேனும் சேர்க்கலாம். அது மண்ணுக்குள் இறங்குகிறதா, சாக்கடையிற் கலந்து வீணாகிறதா என்பதை ஒவ்வொரு கட்டடத்திற்கும் தனித்தனியே எழுதிவைக்கலாம். புல்வெளிக்கு இடும் உரமும், விடுதிச் சலவைத் தூளும் எவ்வளவு என்பதையும் அவ்வாறே குறிக்கலாம். மின்சாரம், போக்குவரத்து, குப்பை முதலியவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

கரையைச் சீராக்குதல் வேறு, ஏரியைச் சீராக்குதல் வேறு என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நடைபாதை, விளக்கு, இருக்கை, ஊற்று ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. திறப்பு விழாவுக்கும் ஏற்றன. வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்குதல் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு மிகுந்த கரையிற் பறவை தங்காது என்பதோ திட்ட மதிப்பீட்டில் எங்கும் இடம்பெறாத செலவு.

கழிவுநீர் நகராட்சிக்கு உரிய பொறுப்பாயிற்றே, பல்கலைக் கழகம் என் செய்யும் என்னும் மறுப்பு வரும். சட்டப்படி அது சரியே. ஆனால் ஏரியின் எல்லை வேலியோடு முடிவதில்லை. மழைநீர் எங்கிருந்து வருகிறதோ அதுவரை ஏரி நீள்கிறது. தமிழ்நாட்டிற் குடிமராமத்து என்று வழங்கிய பழைய வழக்கில், பாசனம் பெறும் ஊரார் அனைவரும் வரத்துக் கால்வாயைச் செப்பனிடக் கூடினர். கால்வாய் அடுத்த ஊர் வழியே வருகிறதே என்று அவர்கள் வாளா இருந்ததில்லை. இவ்வழக்கைச் சட்டத்தினாற் கட்டாயமாக்க 1858-இல் சென்னை அரசாங்கம் முயன்றது. கட்டாயமாக்கியதால் அது வலுப்பெற்றது என்று கூறுவதற்கில்லை. நகராட்சியிடம் எந்த வடிகாலில், எந்த நாளில், எவ்வளவு கழிவு வந்தது என்னும் கணக்கோடு செல்லும் பல்கலைக் கழகத்தின் சொல்லுக்கு உள்ள மதிப்பு, வெறும் முறையீட்டுக்கு இராது.

மொழியைப் பற்றி ஒரு சொல். ஏரியின் நீரைப் பற்றிய ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. மதகைத் திறக்கும் ஊழியரும், வட்டாரச் சுகாதார ஆய்வாளரும், ஏரிக்கரையில் குடியிருக்கும் இல்லத்தரசியும் படிப்பது கன்னடம். சிறு நூல்களை மக்கள் மொழியில் வெளியிட்ட பல்கலைக் கழகத்திற்கு ஒரு பக்கத் திங்களறிக்கையைக் கன்னடத்தில் எழுதுதல் அரிதன்று. ஏரி வாயிலில் உள்ள பலகையிற் கூட அதனை ஒட்டலாம். பாசி மிகுந்தது, மிகுந்ததற்குக் காரணம் இந்த வடிகால் என்று எளிய நடையில் எழுதினாற் போதும். கலைச்சொல் கிடைக்கவில்லை என்பது பெரும்பாலும் சாக்கே. கழிவுநீருக்கும் பாசிக்கும் எம்மொழியிலும் சொல் உண்டு.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு மைசூருடன் நேரடித் தொடர்பு ஒன்றும் இருக்கிறது. 1963-இல் தோன்றிய மண்டலக் கல்வியியல் நிறுவனம் மானசகங்கோத்ரியிலேயே உளது. தமிழ்நாடு உள்ளிட்ட தென் மாநிலங்களின் ஆசிரியர் பயிற்சி அதன் பொறுப்பிற் சேர்ந்தது. அங்குப் பயிற்சிக்குச் செல்வோர் ஒரு நாள் விடியற்காலையிலேனும் ஏரியில் இறங்கி அளந்து பழகும் ஏற்பாடு பயிற்சித் திட்டத்திற் சேர்க்கப்படுமாயின், திரும்பி வந்து தத்தம் ஊர்க் கண்மாயிலும் ஊருணியிலும் அதனைச் செய்ய இயலும். தகடும் கயிறும் பள்ளிச் செலவுக்குள் அடங்கும். பதிவேட்டை ஊராட்சி அலுவலகத்திலேயே வைத்து, களப் பணியாளர் திங்களுக்கு ஒரு முறை அதில் ஒப்பமிடலாம்.

பல்கலைக் கழகத்தின் ஆண்டறிக்கையிற் பட்டம் பெற்றோர் எண்ணிக்கை வருகிறது. வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கை வருகிறது. அவற்றுக்குப் பக்கத்தில், அவ்வாண்டு குக்கரஹள்ளி ஏரியில் விடியுமுன் அளந்த பிராணவாயுவின் மிகக் குறைந்த அளவையும் ஒரு வரியில் அச்சிடலாம். அதற்கு முந்திய ஆண்டின் அளவும் அதனருகே இருத்தல் வேண்டும்.